எவர்சில்வர் துருப்பிடிக்காது, ஆனால் மரை பிடித்துக்கொள்ளும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



நான் உத்திரமேரூர் வட்டாரத்தில் பம்பு செட்டு பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன். மானாம்பதி, சாலவாக்கம், திருப்புலிவனம், பெருநகர் என்று சுற்றுப்பட்ட ஊர்களில் முப்பது வருஷமாக மோட்டார் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு உங்களிடம் ஒரு சின்ன நட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "நட்டைப் பத்திப் பேச இன்னா இருக்குது?" என்று ரேடியோவை நிறுத்திவிடாதீர்கள். ஒரு நட்டு கழலாமல் போனதால் இரண்டு காணி நவரைப் பயிரில் பாதி பதரானதை நான் கண்ணால் பார்த்தவன். அந்தத் தப்பில் என் கையும் இருந்தது. அதனால்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம். ஏரித் தண்ணீர் அடிமடைக்குக் கீழே போய்விட்டது. கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற சமயம். அந்த நேரத்தில் ஒரு பெரியவருடைய போரில் தண்ணீர் நின்றுபோயிற்று. 280 அடியில் இருந்த நீர்மூழ்கி மோட்டாரை மூன்றுகால் நட்டு, கப்பி போட்டு வெளியே எடுத்தோம். மோட்டார் நன்றாகவே இருந்தது. பம்பின் உள்ளே மணல் ஏறி விசிறிகள் இறுகிப்போயிருந்தன. பம்பைத் தனியே பிரித்துக் கழுவினால் அரை நாள் வேலை. பம்பையும் மோட்டாரையும் சேர்த்துப் பிடிப்பது நான்கே நான்கு நட்டு. நான்கும் பளபளவென்று எவர்சில்வர்.

முதல் இரண்டு நட்டு வந்துவிட்டன. மூன்றாவது அரைச் சுற்று சுற்றி நின்றது. ஸ்பேனருக்குப் பின்னால் ஒரு பைப்பை மாட்டி, பலம் கொடுத்து ஒரு இழு இழுத்தேன். கிரீச் என்று ஒரு சத்தம். நட்டு கழலவில்லை; போல்ட்டுதான் முறுக்கிக்கொண்டு ஒடிந்தது. நான்காவதும் அப்படியே ஒடிந்தது. ஒடிந்த துண்டுகள் பம்பின் அடிப்பாகத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. அவற்றைத் துளை போட்டு எடுக்கக் காஞ்சிபுரத்தில் லேத்து பட்டறைக்குப் போனால், அன்று சனிக்கிழமை மாலை. திங்கள்கிழமைதான் கதவு திறந்தார்கள். அளவுக்கு ஏற்ற போல்ட்டு கிடைக்க இன்னும் இரண்டு நாள். ஆகமொத்தம் ஒன்பது நாள் வயல் காய்ந்தது. பக்கத்து நிலத்துக்காரர் மனமிரங்கி ஒரு தடவை தண்ணீர் விட்டார். அது மண்ணை நனைத்ததோடு சரி. அறுவடையின்போது தூற்றினால் பாதி பதர் காற்றோடு போயிற்று.

அந்தப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒடிந்த போல்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா தம்பி, இதுல துருவே இல்லியே. அப்புறம் ஏன் கழல மாட்டேங்குது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் பிறகு நான் பலரைக் கேட்டேன், படித்தேன். அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

எவர்சில்வர் ஏன் பிடித்துக்கொள்கிறது?

இரும்போடு குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் சேர்த்தால் அது துருப்பிடிக்காத எஃகு ஆகிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழாய் சூட்டிலும் புகையிலும் அரித்துத் தேய்ந்து போகாமலிருக்க ஒரு எஃகு தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலில்தான் 1913-ஆம் ஆண்டு இந்த வகை எஃகை வார்த்தார். துப்பாக்கிக்காகத் தேடியது கடைசியில் நம் வீட்டுச் சோற்றுக் குண்டானுக்கும், கிணற்று மோட்டாருக்கும் வந்து சேர்ந்தது.

அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து எஃகின் மேல் ஒரு மெல்லிய தோலைப் போர்த்துகிறது. கண்ணுக்கே தெரியாத தோல். கீறினாலும் காற்றுப் பட்டால் உடனே மறுபடி வளர்ந்துவிடும். துரு பிடிக்காமல் காப்பது அந்தத் தோல்தான்.

இப்போது போல்ட்டின் மரையையும் நட்டின் மரையையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எவர்சில்வர். முறுக்கும்போது ஒன்றன் மேல் ஒன்று பெரும் அழுத்தத்தோடு உரசுகின்றன. இரண்டின் தோலும் வழன்று போகிறது. உள்ளே காற்று நுழைய வழியில்லை. புதுத் தோல் வளர நேரமும் இல்லை. தோலுரிந்த உலோகமும் தோலுரிந்த உலோகமும் நேருக்கு நேர் அழுந்துகின்றன. ஈரக் களிமண் உருண்டைகள் இரண்டை, நடுவில் சாம்பல் தூவாமல் அழுத்தினால் என்ன ஆகும்? ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டை ஆகிவிடும் அல்லவா? அதே கதைதான். நெருப்பில்லாமலே ஒரு பற்றவைப்பு நடந்துவிடுகிறது. மேலும் பலம் கொடுத்தால் ஒட்டிய இடம் பிய்ந்து, கட்டி கட்டியாக மரையில் அடைத்துக்கொள்ளும். பிறகு நட்டு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.

சாதாரண இரும்பு போல்ட்டு துருவால் இறுகும். அதற்கு மண்ணெண்ணெய் விட்டு, தட்டி, ஊறவைத்துக் கழற்றலாம். எவர்சில்வர் துருவால் இறுகுவதில்லை. தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிறது. மண்ணெண்ணெய் அங்கே என்ன செய்யும்? பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

இது நம் பம்புக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்காவில் 1970-களில் துருப்பிடிக்காத எஃகிலேயே கைத்துப்பாக்கி செய்தவர்களுக்கும் இதே தொல்லை வந்தது. மேலே முன்னும் பின்னும் ஓடுகிற உறுப்பும், அதைத் தாங்கும் உடம்பும் ஒரே மாதிரி எஃகு. ஓடி ஓடி உரசிய இடத்தில் பிய்ந்து பிடித்துக்கொண்டன. பிறகு இரண்டுக்கும் வெவ்வேறு எஃகும் வெவ்வேறு கடினமும் கொடுத்தார்கள். நடுவில் நல்ல மசகும் போடச் சொன்னார்கள். துப்பாக்கியானாலும் பம்பானாலும் பாடம் ஒன்றுதான்: ஒரே இனம் இரண்டு உரசினால், நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும்.

இது நம் முன்னோர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. மாட்டு வண்டி ஓட்டியவர்கள் வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போட்டார்கள். இருசும் குடமும் நேரே உரசக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். மை காய்ந்த வண்டி அரை மைல் தூரத்திலேயே கூப்பாடு போட்டுக்கொண்டு வரும். நட்டு கூப்பாடு போடாது. கடைசியில் ஒரு தடவை கிரீச் என்று சொல்லும், அவ்வளவுதான்.

என் தப்பு எங்கே?

அந்தப் பம்பை அதற்கு இரண்டு வருஷம் முன்பு பூட்டியவனும் நான்தான். மரையைத் துடைக்கவில்லை, மணல் துகள் இருந்தது. பசை எதுவும் தடவவில்லை. "எவர்சில்வருக்கு எதுக்கு எண்ணெய்?" என்று நினைத்தேன். கையில் புதிதாக வாங்கிய பேட்டரி ரெஞ்சு இருந்தது. டர்ர்ர் என்று இரண்டு விநாடியில் நான்கு நட்டையும் இறுக்கிவிட்டேன். வேகமாகச் சுற்றினால் மரை சூடாகும். சூடானால் இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கே அந்த நட்டுகள் பிடித்துக்கொண்டுவிட்டன. எனக்குத் தெரிந்தது இரண்டு வருஷம் கழித்து.

ஆகவே உங்கள் போரில் யார் வேலை செய்தாலும் சரி, நீங்கள் பக்கத்தில் நின்று இந்த விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று: மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். மோட்டார் வெளியே இருக்கும் நேரமெல்லாம் போரின் வாய் மூடியே இருக்க வேண்டும். ஸ்பேனர் விழுந்தால் போர் போச்சு. குழந்தை விழுந்தால் எல்லாமே போச்சு.

இரண்டு: போல்ட்டையும் நட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைக்க வேண்டும். நட்டு கையாலேயே கடைசிவரை சுலபமாக ஏற வேண்டும். பாதியில் உறைத்தால் அந்த ஜோடி வேண்டாம், வேறு எடுங்கள்.

மூன்று: மரையில் பசை தடவ வேண்டும். என்ன பசை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான்கு: ஸ்பேனரால், கையால், மெதுவாக இறுக்க வேண்டும். பேட்டரி ரெஞ்சு எவர்சில்வருக்கு ஆகாது. நான்கு நட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பசை போட்ட மரை வழுக்கிக்கொண்டு போகும். உலர்ந்த மரைக்குக் கொடுத்த அதே பலத்தைக் கொடுத்தால் போல்ட்டு இழுபட்டுவிடும். ஏறக்குறைய கால் பங்கு பலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: கழற்றும்போதோ பூட்டும்போதோ கனமாக உறைத்தால் உடனே நிறுத்துங்கள். சூடு ஆறட்டும். மரையில் எண்ணெய் விட்டு, வந்த வழியே கொஞ்சம் பின்னால் திருப்பி, மறுபடி மெதுவாக முயலுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் நட்டைக் குறுக்கே அறுத்து எடுங்கள். நட்டு போனால் வேறு நட்டு வாங்கலாம். போல்ட்டு உள்ளே ஒடிந்தால் லேத்துக்குப் போக வேண்டும். என்னைப் போல பைப்பை மாட்டி இழுக்காதீர்கள்.

எந்த நட்டு, எந்தப் பசை?

எவர்சில்வர் போல்ட்டின் தலையில் எழுத்து பொறித்திருக்கும். ஏ2 என்றிருந்தால் அது 304 என்கிற வகை. பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் சேர்ந்தது. ஏ4 என்றிருந்தால் 316 வகை. அதில் மாலிப்டினமும் உண்டு. உப்புத் தண்ணீரை அது இன்னும் நன்றாகத் தாங்கும். நம் பக்கத்துக்கு ஏ2 போதும். கிழக்கே கடலோரம் போகப் போக, தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் ஏ4 கேளுங்கள். போல்ட்டு ஒரு வகையும் நட்டு வேறு வகையுமாக இருந்தால் பிடித்துக்கொள்வது கொஞ்சம் குறையும். எழுத்தே இல்லாத மலிவுச் சரக்கு வேண்டாம். இன்னொன்று: எவர்சில்வர் கிடைக்கவில்லை என்று தண்ணீருக்குள் போகிற எவர்சில்வர் போல்ட்டில் இரும்பு நட்டைப் போடாதீர்கள். இரண்டும் தண்ணீரில் சேர்ந்தால் எவர்சில்வர் பிழைத்துக்கொள்ளும். இரும்புதான் கரைந்து போகும். ஒருநாள் நட்டே இருக்காது.

இப்போது பசை. மரை பிடிக்காமலிருக்கவே தனியாக ஒரு பசை விற்கிறார்கள். கடையில் "ஆன்ட்டி சீஸ்" என்று கேட்டால் கொடுப்பார்கள். செம்புத் தூள் கலந்தது, நிக்கல் தூள் கலந்தது என்று பல உண்டு. எவர்சில்வருக்கு நிக்கல் கலந்தது ஏற்றது. எண்ணெய் வழிந்து போனாலும் அந்தத் தூள் மரைக்கு நடுவில் நின்று, இரண்டையும் ஒட்டவிடாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் பல வீடுகளில் வயலுக்குப் பாய்வதும் ஒரே போர்தான், குடிப்பதும் அதே தண்ணீர்தான். அப்படிப்பட்ட போருக்கு உலோகத் தூள் கலந்த பசை வேண்டாம். உணவுப் பொருள் தொழிற்சாலைகளில் உபயோகிக்கிற வெள்ளைப் பசை என்று ஒன்று உண்டு. உணவுத் தரம் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு சிறு டப்பா பல வருஷத்துக்கு வரும். மோட்டாரை ஒரு தடவை வெளியே எடுக்கிற கூலியோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

"வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெய் போதாதா?" என்று கேட்பீர்கள். இறுக்குகிற அந்த நிமிஷத்துக்கு ஏதோ கொஞ்சம் உதவும். ஆனால் தாவர எண்ணெய் நாள்படப் பிசினாகிவிடும். பழைய என்ஜின் ஆயிலோ கூடவே கூடாது. அதில் தேய்ந்த உலோகத் துகளும் புளிப்பும் இருக்கிறது; கிணற்றுத் தண்ணீரையும் கெடுக்கும். துரு இளக்குவதற்கென்று தெளிப்பு டப்பாவில் வருகிற எண்ணெய், இறுகியதை இளக்கத்தான். அழுத்தம் தாங்குகிற மசகு வேலைக்கு அது நிற்காது.

தண்ணீரே மசகு

இனி ஒரு ஆச்சரியமான விஷயம். நீர்மூழ்கி மோட்டார் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 2,900 சுற்று சுற்றுகிறது. அதன் அடியில் முழுப் பாரத்தையும் தாங்குகிற ஒரு பேரிங் இருக்கிறது. அதற்கு எது மசகு தெரியுமா? தண்ணீர் நிரப்பிய வகை மோட்டாரில் வெறும் தண்ணீர்தான்! ஒரு பக்கம் எவர்சில்வர். அதற்கு எதிரே இருப்பது எவர்சில்வர் அல்ல, கரி. மோட்டாரைச் செய்தவர்களுக்குத் தெரியும், எவர்சில்வரோடு எவர்சில்வரை உரச விடக் கூடாது என்று. இரண்டுக்கும் நடுவே தலைமயிரைவிட மெல்லிய தண்ணீர்ப் படலம் நின்று பாரத்தைச் சுமக்கிறது. வண்டி மையில் போட்ட கரியும் இந்தக் கரியும் ஒன்றல்ல. ஆனால் செய்கிற காரியம் ஒன்றுதான்.

இதனால் நீங்கள் கவனிக்க வேண்டியவை மூன்று.

மோட்டாரைப் போரில் இறக்குமுன் அதற்குள் சுத்தமான குடிநீர் நிரப்ப வேண்டும். மெதுவாக ஊற்றி, அசைத்து, காற்றுக் குமிழி போனபின் அரை மணி நேரம் வைத்திருந்து, குறைந்ததை மறுபடி நிரப்ப வேண்டும். வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பேரிங்குக்கு மணல் காகிதம் போடுவது போல. எண்ணெய் நிரப்பிய மோட்டாரும் உண்டு. அதற்குக் கம்பெனி சொன்ன எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். எது உங்களுடையது என்று மோட்டாரோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, தண்ணீர் வராமல் பம்பை ஓட விடாதீர்கள். பம்பின் உள்ளே இருக்கிற புஷ்ஷுகளுக்கு இறைக்கிற தண்ணீரே மசகு. மோட்டாரைக் குளிர்விப்பதும் அதுதான். கோடையில் நீர்மட்டம் கீழே போனால் நேரத்தைக் குறைத்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் தானே அணைக்கிற சாதனத்தை ஸ்டார்ட்டரில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, மணல். பல கம்பெனிகள் ஒரு கன மீட்டர் தண்ணீரில், அதாவது ஆயிரம் லிட்டரில், 50 கிராம் மணலுக்கு மேல் ஆகாது என்கின்றன. ஒரு வாளி தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். விரலில் நறநறவென்று மணல் தட்டுப்பட்டால் பம்பை இன்னும் மேலே தூக்கி வைக்கலாமா, போரைச் சுத்தம் செய்யலாமா என்று விசாரியுங்கள். அந்தப் பெரியவரின் பம்பு இறுகியதே மணலால்தான்.

பம்பின் தண்டையும் மோட்டாரின் தண்டையும் இணைக்கிற கப்ளிங்கை மறந்துவிடாதீர்கள். அதன் பல்லுக்குள் தண்ணீரில் கரையாத, உணவுத் தரமுள்ள கிரீஸ் கொஞ்சம் தடவிப் பூட்டினால் பல் தேயாது; அடுத்த தடவை சுலபமாகப் பிரியும்.

மேலே இருக்கிற மோனோபிளாக் மோட்டாருக்குப் பேரிங் கிரீஸ் போடுகிறவர்கள், நிறைய போட்டால் நல்லது என்று நினைத்து அடைத்துவிடுகிறார்கள். பேரிங் வீட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போதும். அதற்கு மேல் போனால் கிரீஸ் கடைந்து சூடாகும். பழைய கிரீஸ் மேல் வேறு இன கிரீஸைப் போடாதீர்கள். சில இனங்கள் சேர்ந்தால் தண்ணீராக உருகி ஓடிவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

கடைசியாக ஒன்று. நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும். பராந்தக சோழர் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலை முறையில் வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தது. முன்னே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்தில் போடக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊரார் தண்ணீருக்குக் கணக்கு கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் போருக்கும் ஒரு கணக்கு எழுதுங்கள். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். மோட்டார் எடுத்த தேதி, எத்தனை அடி, யார் பூட்டியது, என்ன போல்ட்டு, மரையில் என்ன தடவியது, மோட்டாரில் தண்ணீரா எண்ணெயா என்று எழுதி வையுங்கள். அடுத்த தடவை எவன் வந்தாலும் இருட்டில் கை வைக்க மாட்டான். என்னிடமும் நீங்கள் கணக்கு கேட்கலாம். கேட்டால் எனக்குக் கோபம் வராது.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் மகன் பயிர் வைக்கிறார். போன வருஷம் விசிறி மாற்ற அதே போரில் மோட்டாரை எடுத்தோம். வெள்ளைப் பசை தடவிப் பூட்டிய நான்கு நட்டு. ஸ்பேனரில் ஒரு சின்னத் திருப்பு. அப்புறம் விரலாலேயே கழன்றன. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வயலில் ஏறிவிட்டது. மகன் என்னைப் பார்த்து, "அண்ணே, அப்பா கேட்ட கேள்விக்கு இப்பதான் பதில் வந்திருக்குது" என்றார்.

பூட்டுகிற நாளிலேயே கழற்றப் போகிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நான் சொல்ல வந்தது.